கணவனை வெளியே நிறுத்தும் அறை

லண்டனில் என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று கல்லூரியில் கேட்டவர்களுக்கெல்லாம் "ஒரு கல்லறை" என்றுதான் பதில் சொன்னேன். யாருக்கும் அது ரசிக்கவில்லை. லீவு போட்டு, சேமித்ததையெல்லாம் வழித்து எடுத்து, கடல் தாண்டிப் போய், செத்துப்போன ஒரு வெள்ளைக்காரியைப் பார்க்கவா என்று எங்கள் பொருளாதாரத் துறைத் தலைவி முகத்துக்கு நேராகவே கேட்டார். ஆமாம், அவளைத்தான்.

அவள் பெயர் ஆலிஸ். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெரிய பிரபுவின் ஒரே மகள். குடும்பப் பெயரைத் தமிழில் எழுதினால் எனக்கே வாயில் நுழையாது என்பதால் விட்டுவிடுகிறேன். திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் இங்கிலாந்து வரலாறு நடத்துகிறேன். பாடப்புத்தகத்தில் அவளுக்குக் கிடைத்த இடம் ஒரே ஒரு வரி: இன்னார் இவளை மணந்ததன் மூலம் மூன்று கோட்டைகளுக்கு அதிபதி ஆனார். வருடா வருடம் அந்த வரியைக் கரும்பலகையில் எழுதும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோட்டைகள் அவளுடையவை. பெருமை மட்டும் எவனோ ஒருவனுக்கு. அவளைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் எழுதியே தீருவது, அதற்கு முன் அவளை நேரில் பார்த்தே தீருவது என்று முடிவு செய்தேன். அப்போது தொண்ணூறுகளின் நடுப்பகுதி.

தங்கியது ஈஸ்ட் ஹாமில், ராசேஸ்வரியின் வீட்டில். எண்பதுகளில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, திருச்சியில் எங்கள் மாடி வீட்டில் கொஞ்ச காலம் குடியிருந்தவள். லண்டன் போய்ச் சேர்ந்த பிறகும் பொங்கலுக்குப் பொங்கல் கடிதம் போடுவாள். நான் வருவது தெரிந்ததும் ஹோட்டல் என்ற பேச்சையே எடுக்க விடவில்லை. "எங்கட வீடு இருக்கேக்க நீங்கள் ஏன் ரீச்சர் வெளியில நிக்கப்போறியள்?" என்று போனில் சண்டைக்கே வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை போய் இறங்கினேன். ராசேஸ்வரி, அவள் கணவர் குணரத்தினம், பன்னிரண்டு வயது மகள் தர்சினி, எல்லோரும் ஒரே சோபாவில் நெருக்கி உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தார்கள். குணம் அண்ணா ஊரில் தபால் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். இங்கே ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் முறையில் கல்லாவில் உட்காருகிறார். ராசேஸ்வரிக்கு சாண்ட்விச் செய்யும் தொழிற்சாலையில் வேலை. நாள் முழுக்க ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிறவள், வீட்டில் ரொட்டியைக் கண்ணால் பார்க்க மாட்டாள்.

இடியப்பமும் சொதியும் போட்டார்கள். நம் ஊரில் இடியப்பத்துக்குத் தேங்காய்ப் பாலில் சர்க்கரை போட்டுக் கொடுப்பார்கள், இவர்கள் அதே பாலில் மஞ்சளும் மிளகாயும் போட்டு ஒரு குழம்பே செய்துவிடுகிறார்கள். நான் இரண்டாவது தட்டில் இருந்தபோது குணம் அண்ணா தன் கடைசித் தங்கை பவானியின் கல்யாணப் பேச்சை எடுத்தார். பவானி கொழும்பில் இருக்கிறாள். மாப்பிள்ளை கனடா. பெண்ணின் பெயரில் ஒரு வீடு இருக்கவேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்கிறார்களாம்.

"யாழ்ப்பாணத்தில கோண்டாவில் வீடு சும்மாதானே கிடக்குது ரீச்சர். அதை பவாவுக்கு எழுதிக் குடுப்பம் எண்டு அண்ணை சொல்லிப்போட்டார். டொரன்டோவில இருந்து எல்லாம் அவர்தான் பாக்கிறார். வெள்ளிக்கிழமை லோயரிட்டைப் போய் அற்றோணிக் கடதாசியில கையெழுத்து வைக்கவேணும்."

விருந்தாளி என்றால் நல்ல வார்த்தை ஒன்று சொல்லவேண்டாமா. "நல்ல மனசுண்ணா உங்களுக்கு. சொந்த வீட்டத் தங்கச்சிக்குத் தூக்கிக் குடுக்கிற அண்ணன் எங்க ஊர்ல தேடினாலும் கிடைக்க மாட்டான்" என்றேன்.

ராசேஸ்வரி நான் கேட்காமலேயே என் தட்டில் சொதியை ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள். தர்சினிதான் ஆங்கிலத்தில் சாதாரணமாகச் சொன்னாள்: "அது அப்பாவின் வீடு இல்லை ஆன்ட்டி. அம்மாவின் வீடு."

திங்கட்கிழமை காலை என்னை ரயில் நிலையம் வரை கொண்டுவிட ராசேஸ்வரி கூட வந்தாள். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் மரக்கறிக் கடைக்காரர் முருங்கைக்காயைக் கட்டுக் கட்டாக வெளியே அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து நகைக்கடையில் இன்னும் ஷட்டர் தூக்கவில்லை. நடந்துகொண்டே எனக்குப் பாடம் எடுத்தாள்.

"நீங்கள் பிழையா விளங்கிட்டியள் ரீச்சர். எங்கட ஊரில வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான். கலியாணத்துக்கு அப்பா எழுதித் தந்தவர். இவர் எங்கட வீட்டுக்கு வந்து இருந்தவர். அம்மாவின்ரை வீடு அக்காவுக்குப் போட்டுது, எனக்கு அப்பா புதுசாக் கட்டினவர். என்ரை வீடு தர்சினிக்கு."

"உனக்கு ரெண்டு தம்பிங்க இருக்காங்களே. அவங்களுக்கு?"

"அவங்கள் கட்டிற பெட்டைகளுக்கு வீடு இருக்கும்தானே."

எனக்கு நடை நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு வீடு வருகிறதென்றால் அவள் அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை என்று அர்த்தம். ஆலிஸ் கதையும் அதேதான். ஒரு தம்பி பிறந்திருந்தால் அவளுக்கு ஒரு கோட்டையும் கிடைத்திருக்காது, எனக்கும் லண்டன் டிக்கெட் செலவு மிச்சம். இங்கே இரண்டு தம்பிகளை வைத்துக்கொண்டு ஒருத்தி சொத்துக்காரியாக நிற்கிறாள், நான் போய் அவள் புருஷனைப் பாராட்டியிருக்கிறேன்.

"அப்ப உன் இஷ்டந்தான? குடுக்க மாட்டேன்னு சொல்லிடு."

"நான் விக்கிறதெண்டாலும் எழுதிறதெண்டாலும் இவற்றை சம்மதம் வேணும், அது எங்கட சட்டம். ஆனா என்ரை கையெழுத்து இல்லாமல் இவருக்கும் ஒண்டும் ஏலாது." கைப்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "சொல்லலாம் ரீச்சர். எப்பிடிச் சொல்லுறது? மாமா செத்தாப் பிறகு டொரன்டோப் பெரியத்தான்தான் இவரைப் படிப்பிச்சவர். நாங்கள் இங்க வரக் காசு கட்டினதும் அவர். ஆமி அடிச்ச ஷெல்லில கூரை இருக்கோ போச்சுதோ எண்டுகூடத் தெரியாது. அந்த வீட்டுக்காகச் சண்டை பிடிக்கிறாள் எண்டு சொல்லுவினம்."

அதற்குள் ரயில் வந்துவிட்டது.

அந்தக் காலத்தில் பழைய ஆவணங்கள் சான்சரி லேன் பக்கம் ஒரு பெரிய கல் கட்டடத்தில் இருந்தன. வாசலிலேயே என் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுத்தார்கள். இருபது வருடமாக மாணவிகளுக்கு நான் சொல்லும் 'பென்சிலில் எழுதாதே' என்ற விதி அங்கே தலைகீழ். என் லத்தீன் மிகவும் மெலிந்த லத்தீன். அதனால் அச்சிட்ட சுருக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தோல் ஏட்டைத் தடவித் தடவிப் படித்தேன். முதலில் அங்கிருந்தவர்கள் காட்டியது அவள் முத்திரை. மெழுகில் ஒரு பெண் நிற்கிறாள். வலது கையில் அப்பாவின் குலச்சின்னக் கேடயம், அதில் ஒற்றைக் கொக்கு. இடது கையில் புருஷனுடைய கேடயம். இரண்டையும் விரிந்த கைகளில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கை வலிக்காதா என்று எனக்குத் தோன்றியது.

மதியம் ஒரு பூங்கா பெஞ்சில் ராசேஸ்வரி கட்டிக் கொடுத்த புட்டைப் பிரித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோட்டுக்காரர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மன்னிக்கவும், அது கேக்கா?" என்றார். தேங்காய் போட்டு ஆவியில் வேகவைத்த மாவு என்றேன். "காலையில் செய்ததா?" என்றார். ஆமாம் என்றேன். தன் கையிலிருந்த முக்கோண சாண்ட்விச்சை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். அதற்கு வெண்ணெய் தடவியவள் ராசேஸ்வரியாகவே இருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் ஆலிஸோடு போயிற்று. பால்பல் விழும் வயதில் அப்பா போய்விட்டார். நிலத்தோடு சேர்த்து அவளும் ராஜாவின் பொறுப்புக்கு வந்தாள். ராஜா அவளை வளர்க்கிற உரிமையையும் கட்டிக்கொடுக்கிற உரிமையையும் தனக்கு வேண்டிய ஒரு பிரபுவுக்கு வழங்கிவிட்டார். அந்தப் பிரபு வெளியே அலையவில்லை, தன் மகனுக்கே கட்டி வைத்துக்கொண்டார். அந்தப் பையன் சண்டையில் செத்தான். அழுது முடிப்பதற்குள் ராஜா இரண்டாவது மாப்பிள்ளையைக் கைகாட்டினார். இவரோடு நீண்ட காலம் வாழ்ந்து மூன்று மகள்களைப் பெற்றாள். இந்த இரண்டாவது புருஷனுக்கு ஒரு தம்பி. தம்பி சும்மா இருக்கிறானே என்று, மனைவியின் மேற்கத்திக் கோட்டையை அவனுக்கு எழுதிக்கொடுக்க நினைத்தார்.

இந்த இடத்தில் நான் பென்சிலைக் கீழே வைத்தேன். கோண்டாவில் ஞாபகம் வராமல் என்ன செய்யும்.

ஆனால் அந்தக் கால இங்கிலாந்துச் சட்டம் ஒரு காரியம் செய்திருக்கிறது. மனைவி வழி வந்த நிலத்தைக் கை மாற்றவேண்டுமென்றால் இருவரும் நீதிபதிகள் முன் வரவேண்டும். நீதிபதி புருஷனை வெளியே போகச் சொல்லுவார். பிறகு அவளைத் தனியாகக் கேட்பார்: உன் மனதறிந்துதான் இதைச் செய்கிறாயா, அவருக்குப் பயந்தா? அவள் ஒப்புக்கொண்டால்தான் பத்திரம். ஒரே தோலில் மூன்று தடவை எழுதி, நெளிநெளியாக வெட்டி, ஆளுக்கொரு துண்டும் அரசுக்கு அடித்துண்டும் கொடுப்பார்கள். ஆலிஸின் அடித்துண்டு என் முன்னால் கிடந்தது. ஒப்புக்கொண்டிருக்கிறாள். கோட்டை கொழுந்தனுக்குப் போய்விட்டது.

இந்தக் கோபத்தில் திரும்பும்போது ரயிலில் யோசித்துக்கொண்டே உட்கார்ந்து ஈஸ்ட் ஹாமைத் தாண்டி அப்மின்ஸ்டர் வரை போய்விட்டேன். கடைசி நிலையத்தில் சுத்தம் செய்ய வந்த பெண், "கண்ணே, இனிமேல் தண்டவாளம் இல்லை" என்றாள். திருச்சி டவுன் பஸ்ஸில் கண்டக்டர் என்றால் இதற்குள் என் பரம்பரையையே இழுத்திருப்பார்.

வீடு வந்து இரவுச் சாப்பாட்டில் ஆலிஸ் கதையை எல்லோருக்கும் சொன்னேன். குணம் அண்ணா ரசித்துக் கேட்டார். "அப்ப அந்தாள் வெளியில நிண்டவரோ, பாவம்" என்று சிரித்தார். ராசேஸ்வரி சிரிக்கவில்லை. "ரீச்சர், நாளைக்கு எனக்கு ஓஃப். கல்லறைக்கு நானும் வாறன்" என்றாள்.

கல்லறை இருந்தது தெற்கே, மேர்ட்டன் பக்கம் ஒரு பழைய கிறிஸ்தவக் கோயிலில். கிழக்கிலிருந்து தெற்குக்குப் போவதற்குள் லண்டன் நம் பொறுமையை நன்றாகச் சோதித்துவிடும். நோர்தேர்ன் லைன் சுரங்கத்துக்குள் ரயில் நின்றுவிட்டது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒலிபெருக்கி மன்னிப்புக் கேட்டது, காரணம் சொல்லவில்லை. பெட்டிக்குள் ஒரு ஆள் வாய் திறக்கவேண்டுமே. நம் ஊர் ரயில் இப்படி நின்றால் இதற்குள் நாலு பேர் இறங்கி என்ஜின் வரை போய் விசாரித்துவிட்டு வந்து ஆளுக்கொரு காரணம் சொல்லியிருப்பார்கள். ராசேஸ்வரி பையிலிருந்து முறுக்கை எடுத்தாள். அந்த அமைதியில் நாங்கள் முறுக்குக் கடித்த சத்தம் பெட்டி முழுக்கக் கேட்டது.

கோலியர்ஸ் வுட்டில் இறங்கி பஸ் பிடித்தோம். கோயில் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த அம்மாள் எதிர்வீட்டில் இருந்தார், எழுபதைத் தாண்டியவர், கையில் நாய். "பார்வையாளர்களுக்குச் சனிக்கிழமை மட்டும்தான்" என்றார். சனிக்கிழமை எனக்கு விமானம் என்றேன். அதற்கு அவர் வருத்தப்பட்டார், சாவியை மட்டும் எடுக்கவில்லை. தென்னிந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன் என்றேன். அதற்கும் வருத்தப்பட்டார். நான் படியை விட்டு இறங்குவதாக இல்லை.

"அந்தச் சீமாட்டி உங்களுக்கு உறவா?" என்று கடைசியில் கேட்டார்.

"இருபது வருடமாகத் தெரியும்" என்றேன்.

நாயைக் கீழே விட்டுவிட்டு சாவியை எடுத்தார்.

ஆலிஸ் தனியாகப் படுத்திருந்தாள். பக்கத்தில் எந்தப் புருஷனும் இல்லை. வெள்ளைக் கல்லில் முக்காடு, கூப்பிய கை, உடைந்த மூக்கு. இரண்டாவது புருஷன் செத்ததும் ராஜா மூன்றாவது மாப்பிள்ளை தேட ஆரம்பித்திருக்கிறார். அவள் அதற்கு முன்னாலேயே போய் பிஷப் முன்னால் முக்காடும் மோதிரமும் வாங்கிக்கொண்டு இனி கல்யாணமே இல்லை என்று சத்தியம் செய்துவிட்டாள். மடத்துக்கும் போகவில்லை. தன் வீட்டிலேயே இருந்து, தன் நிலத்தைத் தானே ஆண்டு, கிழவியாகிச் செத்தாள். இதை ராசேஸ்வரிக்குச் சொன்னதும், "கெட்டிக்காரி" என்றாள்.

கல்லறையைச் சுற்றி நாலு பக்கமும் ஒரு சாண் உயரத்தில் சின்னச் சின்னச் சிலைகள். மகள்கள், மருமகன்கள், பேரன்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு கேடயம். மருமகன்களின் கேடயத்தில் சிங்கம், கரடி, பட்டை என்று என்னென்னவோ. ஆனால் பேரன்களின் கேடயம் ஒவ்வொன்றிலும் ஒரு மூலையில் கொக்கு. அப்பாவின் பெயர் ஆலிஸோடு அழிந்துவிட்டது, கொக்கு அழியவில்லை. மூன்று பெரிய குடும்பங்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தன. அவளே நிலத்தை மூன்று மகள்களுக்கும் சமமாகப் பிரித்தாள். ஒரே ஒரு தண்ணீர் மில் இருந்திருக்கிறது, அதையும் விடவில்லை, ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. மில்லை எப்படி மூன்றாகப் பிரிப்பது என்று சொல்லி நான் சிரித்தேன்.

ராசேஸ்வரிக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. "என்ரை வீட்டு உறுதிப் பத்திரத்தில கிணத்தில அரைப்பங்கு எண்டு இருக்கு. மற்றப் பாதி அக்காவின்ரை. ஒரு நாள் நாங்கள் இறைப்பம், ஒரு நாள் அவை." குனிந்து மகள்களின் சிலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "ரீச்சர், அந்தக் கோட்டையை ஏன் குடுத்தவ?"

"தெரியாதும்மா. ஒத்துக்கிட்டான்னு மட்டும்தான் எழுதியிருக்கு."

"மாட்டன் எண்டு சொன்ன பொம்பிளையளே இல்லையோ?"

"இருந்திருப்பாங்க. மாட்டேன்னு சொன்னா பத்திரம் எழுத மாட்டாங்கல்ல. பத்திரம் இல்லன்னா எனக்குப் படிக்க ஒண்ணும் இருக்காது."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வெளியே வந்து சாவிக்கார அம்மாளுக்கு மிச்சமிருந்த முறுக்கைக் கொடுத்தோம். நாய்க்கும் ஒன்று.

வியாழக்கிழமை மழை. குணம் அண்ணாவுக்கு மாலை ஷிப்ட் என்பதால் காலையில் என்னை மனோர் பார்க் முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். வரிசை வீடுகளுக்கு நடுவே நாதஸ்வரம் கேட்கிறது, உள்ளே போனால் விபூதி வாசனை, வெளியே வந்தால் மறுபடியும் சாம்பல் நிற வானம். பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றோம். அவர் தன் அண்ணரைப் பற்றியே பேசினார். அண்ணர் தான் படிக்காமல் கடையில் நின்று தம்பியைப் படிக்க வைத்தவர். இன்றுவரை தனக்கென்று எதுவும் கேட்டதில்லை. முதல் தடவையாகக் கேட்கிறார், அதுவும் தங்கைக்காக. குணம் அண்ணா நல்ல மனிதர், அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை இன்றும் இல்லை.

அடுத்தவர் வீட்டு விஷயம், வாயை மூடிக்கொண்டு இரு என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். என் வாய் அப்படியெல்லாம் கேட்கிற வாய் இல்லை.

"ராசேஸ் என்ன சொல்றா அண்ணா?"

"அவ என்ன சொல்லப்போறா ரீச்சர். ஓம் எண்டுதான் சொல்லுவா."

"கேட்டீங்களா?"

அவர் பொங்கலை ஒரு வாய் போட்டு மென்றார். "கேக்கேல்லை" என்றார். மழை விடுவதற்காக நின்றோம், அது விடவில்லை, நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு ஓடினோம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் போனோம். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு புடவைக்கடைக்கு மேல் மாடியில் அலுவலகம். வழக்கறிஞர் ஈப்போவில் பிறந்து, படிக்க வந்து, இங்கேயே தங்கிவிட்ட மலேசியத் தமிழ்ப் பெண். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு டொரன்டோவிலிருந்து வந்த அற்றோணிக் கடதாசியை ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் விளக்கினார். வளவு, வீடு, கிணற்றில் அரைப்பங்கு, ஒழுங்கை என்கிற சந்து வழியாக வந்துபோகும் உரிமை. எல்லாவற்றையும் ராசேஸ்வரியின் சார்பில் பவானிக்கு எழுதிக்கொடுக்கும் அதிகாரம் இன்னாருக்கு.

"எல்லாம் விளங்கிச்சா? உங்க விருப்பத்தோடதான் சைன் பண்றீங்களா?" என்று பேனாவை நீட்டினார். தினமும் கேட்கிற கேள்வி, பதிலை எதிர்பார்க்காத குரல்.

ராசேஸ்வரி பேனாவை வாங்கவில்லை. "மிஸ், அதை என்னைத் தனியக் கேளுங்கோ. இவரைக் கொஞ்சம் வெளியில இருக்கச் சொல்லுங்கோ."

குணம் அண்ணா பகிடி என்று நினைத்து என்னைப் பார்த்துச் சிரித்தார். ராசேஸ்வரியின் முகத்தைப் பார்த்ததும் எழுந்தார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். ஏட்டில் எழுதாமல் விட்டதையெல்லாம் இன்று காதால் கேட்கப்போகிறேன்.

"ரீச்சரும் போங்கோ" என்றாள்.

மாடிப்படி முகப்பில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். கீழே புடவைக்கடையில் யாரோ விலை பேசிக்கொண்டிருந்தார்கள். கதவு தடித்த கதவு, நான் காதைத் தீட்டிப் பார்த்தேன், ஒரு சொல்லும் வரவில்லை. குணம் அண்ணா தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார், திரும்பப் போட்டார்.

"என்ன கதைக்கினம் ரீச்சர்?"

"தெரியலண்ணா."

"அந்தச் சீமாட்டியின்ரை புருசன் இப்பிடித்தான் இருந்திருப்பான் என்ன" என்றார். அவர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. என் மேல் அவருக்குக் கோபம் இருந்திருக்கவேண்டும், நியாயமான கோபம்தான். ஆனால் மறுபடி அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தாலும் நான் ஆலிஸ் கதையைச் சொல்லாமல் இருக்கமாட்டேன்.

கதவு திறந்தது. ராசேஸ்வரி கோட் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தாள். பின்னால் வழக்கறிஞர், கையில் அதே கடதாசி. "இன்னைக்கு ஒண்ணும் இல்ல சார்" என்று அதை மடித்துக் குணம் அண்ணாவிடம் கொடுத்தார். கையெழுத்துக்கான கோடு வெறுமையாக இருந்தது.

படி இறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான் அவர் வாய் திறந்தார். "என்னப்பா இது?"

"எழுதித் தரமாட்டன். பவா அங்க போய் எவ்வளவு காலமும் இருக்கட்டும், எனக்குச் சந்தோசம். உறுதி தர்சினிக்குத்தான்."

"இதை எனக்கு முன்னால சொல்லியிருக்கலாம்தானே. ஏன் என்னை வெளியில விட்டனீ?"

"உங்கட முகத்தைப் பாத்தால் எனக்கு ஓம் எண்டுதான் வரும்" என்றாள் ராசேஸ்வரி. "பதின்மூண்டு வருசமா அப்பிடித்தானே வருது."

அவர் கடதாசியை இன்னொரு மடிப்பு மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். பஸ்ஸில் மூவரும் மூன்று சீட்டில் உட்கார்ந்து வந்தோம். இந்தக் கல்யாணம் நின்றுபோனால் அந்தப் பழி முழுக்க அவள் தலையில்தான் விழும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் ஜன்னல் வழியே கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பின்னேரம் தேத்தண்ணி குடித்துவிட்டுக் குணம் அண்ணா ஹாலில் இருந்த போனுக்குப் போனார். டொரன்டோவில் அப்போது மத்தியானம். ராசேஸ்வரி குசினியில் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தாள். நான் தேங்காய் துருவுவதாகப் பெயர் பண்ணிக்கொண்டு ஒரு காதை ஹாலில் வைத்திருந்தேன்.

"அண்ணை, நான்தான்... ஓம், போனனாங்கள்... இல்லை, வைக்கேல்லை... இல்லை அண்ணை, திகதி மாத்தேல்லை. அவ வைக்கமாட்டா." வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஓம், ஓம் என்றார். பிறகு ஒரு இடைவெளி. "அண்ணை, நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனா அது எங்கட வீடு இல்லை. நான் அங்க இருந்தனான், அவ்வளவுதான்."

போனை வைக்கும் சத்தம் கேட்டது. குசினி வாசலில் வந்து நின்றார். "கட் பண்ணிப்போட்டார்" என்றார். கண் கலங்கியிருந்தது. ராசேஸ்வரி அவர் முகத்தைப் பார்த்தாள். எங்கே இப்போது மனம் இளகிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. "கையைக் கழுவிட்டு வாங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது போன் மறுபடி அடித்தது. குணம் அண்ணா எழப்போனார். இத்தனை வருடத்தில் பெரியத்தானோடு அவர்தான் பேசுவார், அவள் பின்னால் நின்று சுகம் விசாரிக்கச் சொல்லுவாள். ராசேஸ்வரி அவர் தோளில் கை வைத்து உட்காரச் சொல்லிவிட்டுத் தானே போனாள்.

"ஓம் பெரியத்தான், ராசேஸ்வரிதான். இவர் இங்கதான் இருக்கிறார், சாப்பிடுறார்... இல்லை, அவரைக் கூப்பிடேல்லை. வீட்டைப் பற்றி எண்டால் என்னோட கதையுங்கோ."